நம்ம தாடை

என் வீட்டுக்காரரின் தாடையை அவள் "நம்ம தாடை" என்று சொன்ன நிமிஷமே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. நேரில் "மேடம், மேடம்" என்றுதான் கூப்பிட்டேன். கும்பிடாத குறை. ஆனால் இது நான் எழுதுவது. இங்கே அவள், அவள்தான்.

விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. முகத்தில் அடிபட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர் மேல்மாடியில் இருப்பார். அவள் கீழே, எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஏசி அறையில் உட்கார்ந்திருப்பாள். ஒரு கம்ப்யூட்டர், கையில் பிடித்து முகத்தைச் சுற்றிக் காட்டுகிற ஒரு ஸ்கேனர், மூலையில் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு பிரிண்டர். ஸ்கேனில் தெரிகிற எலும்பை அந்தப் பிரிண்டர் வெள்ளை பிளாஸ்டிக்கில் மெல்லிசாக அடுக்கி அடுக்கி, அசல் அளவில் அச்சாக எடுத்துக் கொடுத்துவிடும். டாக்டர் அந்த அச்சின் மேல் வைத்து உலோகப் பட்டையை முன்கூட்டியே வளைத்துக்கொள்வார். முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கே நின்று வளைத்துப் பார்க்க வேண்டியதில்லை. இதையெல்லாம் எனக்கு அவள்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் எதிரே வந்தாலும் உள்ளங்கையைத் தன் கண்ணுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, வந்தவரின் முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டு மீதிப் பாதியைப் பார்ப்பாள். அப்புறம் கையை நகர்த்தி அந்தப் பாதி. நர்சு, டீ கொண்டுவருகிற அம்மா, பில் கவுண்டர்க்காரர், யாரும் தப்ப முடியாது. "ஒவ்வொரு மூஞ்சிலயும் ரெண்டு பேரு குடியிருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி பேச மாட்டாங்க" என்பாள்.

நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். ஊர்தான். அலமாரியில் வரிசையாக வெள்ளைத் தாடைகளும் கன்ன எலும்புகளும் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஊர்ப் பெயர். கன்னத்துக் கட்டியோடு பாதித் தாடையையும் எடுத்துவிட்ட ஒரு மீன்பிடிக்கிறவர், பொம்மையார்பாளையம். மாடு முட்டிக் கன்ன எலும்பு உள்ளே போன ஒரு பெண், கண்டாச்சிபுரம். அந்தப் பெண், அப்படியே மூக்கையும் கொஞ்சம் எடுப்பாக வைத்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள். இவள் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "உங்க மூக்க நான் தொட மாட்டேன்மா. அது நல்லாத்தான் தப்பா இருக்குது."

எங்களுக்குத் திண்டிவனம் என்று பெயர். "திண்டிவனம் வந்தாச்சா?" என்று கேட்டால் நாங்கள் எழுந்து போக வேண்டும்.

என் வீட்டுக்காரர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். மயிலம் பக்கம் ஒரு கிணற்று மோட்டாரைப் பார்த்துவிட்டு வண்டியில் வந்துகொண்டிருந்தார். பொழுது சாய்கிற நேரம். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர், பின்பக்கம் விளக்கு இல்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரும்புக் கட்டில் இடது முகத்தைக் கொடுத்துவிட்டார். உயிர் தப்பியது. முன்பற்கள் மேலும் கீழும் போயின. இடது தாடை நொறுங்கி, சீழ் பிடித்து, கடைசியில் மோவாய் வரைக்கும் எலும்பை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வடிகட்டிய கேப்பைக் கூழை ஊற்றிக்கொண்டு உயிரோடு இருந்தார். பேச வராது. ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருந்தேன். அதில் எழுதிக் காட்டுவார்.

இடுப்பெலும்பில் கொஞ்சம் வெட்டி எடுத்து, பட்டை வைத்துத் தாடையைக் கட்டலாம் என்றார் டாக்டர். அதற்காகத்தான் அவளிடம் போனோம்.

முதல் நாளே என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"எந்தப் பக்கம் மெல்லுவாரு?"

"ரெண்டு பக்கமும்தாங்க."

"இல்லம்மா. வலது கடவாய்ப் பல்லு தேஞ்சிருக்குது. வலதுதான். ராத்திரில பல்லக் கடிப்பாரா?"

பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் படுத்தவள் நான். படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். எனக்கு எங்கே தெரியும்? அவர் சிலேட்டில் "ஆமா" என்று எழுதி அவளிடம் காட்டினார். என்னிடம் இல்லை, அவளிடம்.

"அப்ப நம்ம தாடை நல்லா ஒழைச்ச தாடை" என்றாள் அவள். அந்த "நம்ம" அப்போது வந்ததுதான். எல்லா நோயாளிக்கும் அப்படித்தான் சொல்லுவாள் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன? எரிந்தது எரிந்ததுதான்.

நான் ஜாக்கெட் தைக்கிறவள். திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்தில் கடை, கடைக்கு உள்ளே வீடு. எதிரே ஒரு பெண் வந்து நின்றால் அளவு நாடாவை எடுப்பதற்கு முன்பே எந்தத் தோள் இறக்கம் என்று சொல்லிவிடுவேன். ஊருக்கே தோள் பார்த்துச் சொன்ன நான் என் வீட்டில் இருந்த முகத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று ஒருத்தி எனக்குச் சொல்லாமல் சொன்னாள். அதுவும் சிரித்த முகமாக.

அவர் முகத்தின் மேல் அந்த ஸ்கேனரை ஓட்டுவதற்கு முன்னால் துண்டை அவளேதான் அவிழ்ப்பாள். நான் துண்டை அவிழ்க்க அவர் விடமாட்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டுதான் மருந்து போடுவார். அவளிடம் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் கட்டை விரலால் காதுக்குக் கீழேயிருந்து தடவிக்கொண்டு வந்து, எலும்பு முடிகிற இடத்தில் நிறுத்தினாள். வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அடுத்ததாகப் போட்டோ கேட்டாள். நல்ல பக்கத்தை அப்படியே கண்ணாடியில் திருப்பின மாதிரி திருப்பிக் கெட்ட பக்கத்துக்கு வைப்பதுதான் இந்த வேலையில் வழக்கமாம். அவளுக்கு அது போதாது. "ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா அது பொம்மை மூஞ்சிம்மா. பழைய மோவாய் எந்தப் பக்கம் சாஞ்சிக்கினு இருந்திச்சோ அந்தப் பக்கமே சாயணும். இல்லன்னா மெல்லும்போதெல்லாம் காதுக்குக் கீழ வலிக்கும், ஆயுசுக்கும். எந்தப் பக்கம் சாயும்?"

எனக்குச் சாயும் என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

கல்யாண ஆல்பம் ஒரு மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது ஊறி ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆதார் அட்டையில் இருப்பது அவர்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மிச்சம் என் செல்போனில் இருந்த செல்ஃபி. திருவக்கரைக்கு ஒரு பௌர்ணமிக்குப் போனபோது, பகலில், மரமே கல்லாகிப்போன கல்மரம் கிடக்கிற இடத்தில் நான் எடுத்தது. நானும் அவரும் தோளோடு தோள். அவர் சிரித்த ஒரே போட்டோ. கொஞ்சம் பெருமையோடுதான் அவளுக்கு அனுப்பினேன்.

அவள் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தாள். மவுசை இரண்டு இழு இழுத்தாள். நான் போய்விட்டேன். அவர் முகம் மட்டும் திரை நிறைய நின்றது, கழுத்துக்கு மேலே.

"இடது பக்கம் சாஞ்சிருக்குது பாருங்க" என்று அவரிடம் காட்டினாள். அவர் உற்றுப் பார்த்துத் தலையை ஆட்டினார். தினம் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்த முகம் அதுதான் என்று சிலேட்டில் எழுதினார். அவளுக்குத் திருப்தி.

செவ்வாய்க்கிழமை அச்சு தயாராகிவிட்டது. வெள்ளைத் தாடை, மோவாய் இடது பக்கம் துளி சாய்ந்தபடி. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். "கைய வெச்சிப் பாருங்க. கண்ண விட உங்க கைக்குத் தெரியும்" என்று என்னிடம் கொடுத்தாள். வாங்கித் தடவினேன். ஏதோ இடித்தது. இன்னது என்று சொல்லத் தெரியவில்லை. தெரியாது என்று அவளிடம் இன்னொரு தரம் ஒத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. "சரியாத்தான் இருக்குதுங்க" என்றேன்.

அன்று சாயங்காலமே, வார்டில் சேர்த்திருந்த அவரை என் தம்பி பார்த்துக்கொள்ள, துணிமணி எடுத்துவர நான் மட்டும் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டும்போது செல்போனை எடுத்து அந்தப் போட்டோவைத் திறந்தேன். வேறு எதற்கும் இல்லை. அவள் வெட்டிப் போட்ட என்னைப் பார்க்கத்தான்.

இருந்தேன். சிவப்புப் புடவையில், பல்லைக் காட்டிக்கொண்டு. முந்தானை வலது தோளில் கிடந்தது.

நான் என்றைக்கு வலது தோளில் முந்தானை போட்டேன்? அவர் சட்டையைப் பார்த்தேன். நான் தைத்த சட்டை, கட்டத்துக்குக் கட்டம் பொருத்தி இடது பக்கம் நானே வைத்த பாக்கெட். அதுவும் வலது பக்கம் இருந்தது. செல்ஃபி எடுத்தபோது செல்போன் கண்ணாடி மாதிரி அந்தப் படத்தையே இடம் வலமாகத் திருப்பி வைத்திருக்கிறது. கண்ணாடியில் தன்னைப் பார்த்தே பழகிய மனுஷன் அதையே சரி என்று தலையாட்டிவிட்டார். அசலில் மோவாய் சாய்ந்திருந்தது வலது பக்கம். அவள் கட்டியிருப்பது இடது பக்கம்.

என்னை வெட்டாமல் வைத்திருந்தால் அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கும். எந்தப் பொம்பளைக்கும் தெரிந்திருக்கும்.

அந்த பஸ்ஸில் எனக்கு முதலில் வந்தது பயமில்லை. சந்தோஷம். அவள் தப்புப் பண்ணிவிட்டாள். ஆஸ்பத்திரியே தலையில் வைத்துக் கொண்டாடுகிறதே, அந்தக் கை, அந்தக் கண், அந்த "நம்ம" எல்லாம் தப்பு. இதை என் வாயால் எழுதக் கூசுகிறது. இருந்தாலும் அதுதான் நடந்தது. அவள் தோற்கப் போவது என் வீட்டுக்காரரின் முகத்தில் என்பதும் அப்போதே தெரியும். தெரிந்துதான் செல்போனை மூடிப் பைக்குள் வைத்தேன்.

புதன்கிழமை முழுக்க வாயைத் திறக்கவில்லை. துணி மடித்தேன். வார்டில் படுக்கை போட்டேன். டாக்டர் அச்சின் மேல் வைத்துப் பட்டையை வளைத்துவிட்டார் என்று நர்சு சொன்னபோது "அப்பிடிங்களா" என்றேன். அவள் ஒரு தரம் வார்டுக்கு வந்து அவர் தலையணையைச் சரி செய்துவிட்டுப் போனாள். அப்போதும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்கு என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் அவருக்குக் கூழ் ஊற்றினேன். இடது ஓரத்தில் வழிந்தது. நான் பார்ப்பதற்குள் அவசரமாகத் துண்டால் துடைத்துக்கொண்டார். அப்புறம் சிலேட்டை எடுத்து எழுதினார். "பல்லு கட்டினதும் மல்லாட்டை வறுத்துக் குடு." வேர்க்கடலை என்றால் அவருக்கு உயிர்.

டம்ளரை வைத்துவிட்டு இறங்கி ஓடினேன்.

அவள் அப்போதுதான் வந்து அறையைத் திறந்துகொண்டிருந்தாள். செல்போனை நீட்டினேன். "மேடம், என் முந்தானையப் பாருங்க."

பார்த்தாள். வாங்கித் திரும்பவும் பார்த்தாள். படத்தைத் திருப்பிப் போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சாக்குச் சொல்லவில்லை. செல்போனைத் திட்டவில்லை. "உங்கள வெட்டியிருக்கக் கூடாது நான்" என்றாள்.

அப்புறம் தலையை நிமிர்த்தி, "எப்பக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"இன்னிக்கிக் காத்தாலதாங்க."

அவள் கை மெதுவாக மேலே போனது. உள்ளங்கையால் என் முகத்தில் பாதியை மறைத்துப் பார்த்தாள். கையை நகர்த்தி மறு பாதியைப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் அப்பிடிச் சொல்லலியே" என்றாள்.

அவள் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் வராந்தாவிலேயே அவளைப் பிடித்துக்கொண்டார். "வளைச்ச பிளேட்ட நான் என்ன பண்றது? தியேட்டர் புக் பண்ணியாச்சு. ஒரு போட்டோவ முழுசாப் பாக்கத் தெரியாதா உனக்கு?" வார்டில் பாதிப் பேர் எட்டிப் பார்த்தார்கள். அவள் தலை குனிந்து, "என் தப்புதான் சார். போட்டோவ நான்தான் வெட்டினேன். திங்கக்கிழமை வெச்சிக்கலாம் சார்" என்றாள். பக்கத்தில்தான் நான் நின்றேன். செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவளுக்குப் பாதித் திட்டு குறைந்திருக்கும். சொல்லவில்லை. அவளும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவள் நல்லவளாகவும் இருந்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது. வீக்கம் வடிய ஒன்றரை மாதம் ஆயிற்று. ஒரு நாள் அவர் சுவர் பக்கம் திரும்பாமல் என் எதிரே உட்கார்ந்து துண்டை அவிழ்த்தார். மோவாய் வலது பக்கம் துளி சாய்ந்திருந்தது. பார்த்ததும் அழுதுவிட்டேன். அதைத்தான் நான் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பல் கட்டியான பிறகு மல்லாட்டை வறுத்துக் கொடுத்தேன். வலி இல்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் பேச்சு ஒன்றுதான். மேடம் இப்படித் தடவினாங்க, மேடம் அப்படிக் கண்டுபிடிச்சாங்க, மேடம் இல்லன்னா என் மூஞ்சி கோணிக்கினு போயிருக்கும். படம் திருப்பின கதை அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மேடமே கண்டுபிடித்துத் திருத்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் எப்படித் திருத்துவது? கண்டுபிடித்தது நான் என்று சொன்னால் என்றைக்கு என்று கேட்பார். அதனால் அந்தப் பெருமையும் அவளுக்கே போனது. நாலு வருஷம் இப்படி ஓடியது.

போன தை மாதத்தில் அவள் என் கடை வாசலில் வந்து நின்றாள். விழுப்புரத்தில் வேலையை விட்டுவிட்டாளாம். வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன்னால் ஆறு ஜாக்கெட் தைக்க வேண்டும்.

"சும்மா அளவெடுங்கம்மா. எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்" என்றாள்.

நாடாவைப் போட்டேன். குனிந்து குனிந்து கம்ப்யூட்டர் பார்த்த உடம்பு. "இல்லிங்க மேடம். நம்ம எடது தோளு அரை இஞ்ச் எறங்கியிருக்குது" என்றேன். அந்த "நம்ம"வைச் சொல்ல நாலு வருஷம் காத்திருந்தேன். அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். எனக்கு அது ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை. உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

அவளைப் பார்த்ததும் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, திருவக்கரைக்கு அப்புறம் நான் அதைப் பார்க்கவில்லை. கேட்காமலே போய் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்திக் காட்டினார். அவள் கட்டை விரலை வைத்துத் தடவினாள். "நம்ம தாடை ஜோரா இருக்குது" என்றாள். நான் வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு லைனிங் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எல்லாம் உங்க கண்ணுதான் மேடம்" என்றார் அவர். "போட்டோ திரும்பியிருந்தத நீங்க மட்டும் பாக்கலன்னா?"

"நானா?" என்று அவள் அவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "நான் இல்லங்க. உங்க வீட்டம்மா. நான் அவங்கள வெட்டிட்டேன், அதான் எனக்குத் தெரியல. அவங்க முந்தானையப் பாத்துக் கண்டுபிடிச்சாங்க. கண்டுபிடிச்ச ஒடனே ஓடியாந்தாங்க."

உடனே என்றாள். எனக்கு வாயெல்லாம் ஊசி. பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

அவர் என் பக்கம் திரும்பினார். நாலு வருஷமாக அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பார்வையை அப்படியே எடுத்து எனக்குக் கொடுத்தார். நான் கேட்டு ஏங்கிய பார்வைதான். அது என் கைக்கு அவள் கையிலிருந்து வந்தது.

ஆறு ஜாக்கெட்டையும் தோள் பார்த்துத்தான் தைத்தேன். ஒன்றில் மட்டும் இரண்டு தோளையும் சமமாக வெட்டிவிடலாமா என்று கத்தரி நின்றது. நழுவி நழுவி விழட்டும், இழுத்து இழுத்து விட்டுக்கொள்ளட்டும். அப்புறம் அதையும் சரியாகவே வெட்டினேன். அவள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

அவள் அளவு கொடுத்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் அவர் மல்லாட்டையை உடைத்து வலது பக்கம் போட்டு மென்றுகொண்டே கேட்டார்.

"ஏம்மே, நெசமாவே ஒடனே ஓடினியா?"

"ஆமாங்க" என்றேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். சந்தோஷமாகப் பார்த்தார், முழு முகத்தையும் பார்த்தார். பாதியை மறைத்துப் பார்க்க அவருக்குத் தெரியாது.